பிறைசூடியவன் மலையில் ஓர் அமெரிக்க மாப்பிள்ளை

ஓசூர் அருள்மிகு சந்திரசூடேஸ்வரரை நான் முதன்முதலாகத் தரிசித்தது 1979-ஆம் ஆண்டில். சேலத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்த எனக்கு அவ்வூருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. அந்நாளில் ஓசூருக்கு மாற்றல் என்றால் உறவினர்கள் துக்கம் விசாரிக்கும் குரலில்தான் பேசுவார்கள். "குளிர் எலும்பைத் துளைக்குமாமே! கேழ்வரகுக் களியைத் தவிர வேறொன்றும் கிடைக்காதாமே! தமிழ் பேசினால் ஒருவருக்கும் புரியாதாமே!" என்றார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட ஓசூரைக் கண்ணால் கண்டவரல்லர்.

போய்ப் பார்த்தபோது குளிர் மட்டும் உண்மையாக இருந்தது. மற்றபடி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் அன்பான ஊர் அது. கேட்டதையெல்லாம் கண்டதுபோல் பேச வைக்கும் அந்த 'ஆமே' என்ற சிறு ஒலி எத்தனை பொல்லாதது என்பதை அன்றே நான் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. அதைக் கற்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாயின. அதே ஓசூருக்கு, அதே மலைக்கு, ஓர் அமெரிக்கருடன் மீண்டும் செல்ல வேண்டியிருந்தது.

அந்த அமெரிக்கர் என் மாப்பிள்ளை.

சொல்லாமல் விட்ட ஒரு சொல்

வாசக அன்பர்களிடம் ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகள், தன்னுடன் பணிபுரிந்த ஓஹியோ மாநிலத்து இளைஞர் ஒருவரை மணக்க விரும்புவதாகத் தொலைபேசியில் சொன்னபோது நான் பதில் பேசவில்லை. பிட்ஸ்பர்க் நகரத்து வேங்கடேஸ்வரர் ஆலயத்தில், அக்கினி சாட்சியாக, முறைப்படி அவர்கள் திருமணம் நடந்தது. நான் போகவில்லை. விசா கிடைக்கவில்லை என்று உறவினர்களிடம் சொன்னேன். உண்மையில் நான் விண்ணப்பிக்கவே இல்லை.

ஒன்பது ஆண்டுகள் உருண்டோடின. ஓசூரில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையைப் பார்வையிட அவருடைய நிறுவனம் அவரை அனுப்பியது. மகளும் உடன் வந்தாள். கடந்த தை மாதத்தில் பத்து நாட்கள் அவர்கள் எங்கள் வீட்டில் தங்கினார்கள்.

வந்த மூன்றாம் நாள் அனைவரும் வேறோர் ஊரில் ஒரு கோயிலுக்குச் சென்றோம். கொடிமரத்தருகே நின்றிருந்தவர் என்னைத் தனியே அழைத்து, "இந்த வெள்ளைக்காரர் யார்?" என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை, அது அவர் கடமை. பதில் சொன்னதில்தான் தவறு. "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் விருந்தாளி" என்றேன். "அப்படியானால் அவர் இங்கேயே நிற்கட்டும்" என்றார் அவர். மாப்பிள்ளை மறுபேச்சின்றிக் கைகட்டி நின்றுகொண்டார். அவருக்கு ஓரளவு தமிழ் புரியும். 'விருந்தாளி' என்ற சொல்லும் புரியும். மகள் என்னைப் பார்த்த பார்வையை இறைவன் சந்நிதியில் நின்றபோதும் என்னால் மறக்க முடியவில்லை.

கல் ஏற்றிச் செல்லும் சாலை

மறுவாரம் ஓசூருக்குப் புறப்பட்டோம். சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி, தருமபுரி கடந்து, கிருஷ்ணகிரியை அடையும்போது நிலம் முகம் மாறுகிறது. பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்டதால் பாரமகால் என்று பெயர் பெற்ற நாடு இது. ஊருக்குள் நிமிர்ந்து நிற்கும் கிருஷ்ணகிரிக் கோட்டைமலையே அதற்குச் சான்று. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதி கம்பெனியார் கைக்குப் போயிற்று. நீண்ட காலம் சேலம் மாவட்டத்திலும், பின்னர் தருமபுரி மாவட்டத்திலும் இருந்து, 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. இன்று மாம்பழத்துக்கும், மாங்கூழ் ஆலைகளுக்கும், கருங்கல்லுக்கும் பெயர் பெற்ற மண் இது.

வழியெங்கும் வீட்டளவு பெரிய கற்பாளங்களை ஏற்றிய லாரிகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. "இவையெல்லாம் எங்கே போகின்றன?" என்று மாப்பிள்ளை கேட்டார். "உலகம் முழுவதும் போகின்றன. ஒரு கோயிலே இந்தப் பக்கத்திலிருந்து உங்கள் நாட்டுக்குக் கப்பலில் போயிருக்கிறது" என்றாள் மகள்.

அவள் சொன்னது அன்பர்கள் பலரும் அறிந்திருக்கக்கூடிய செய்திதான். 1927-இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்த ஓர் அமெரிக்க இளைஞர், மெய்ஞ்ஞானம் தேடி இலங்கைக்கு வந்தார். 1949-இல் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் சிவயோக சுவாமிகளைத் தரிசித்தார். யோகர் சுவாமிகள் அவருக்குச் சுப்பிரமுனியர் என்று பெயர் சூட்டி, முதுகில் ஓங்கி ஓர் அறை கொடுத்து, அந்த ஓசை அமெரிக்காவில் கேட்கும் என்று சொல்லி அனுப்பியதாக அம்மரபினர் நினைவுகூர்கிறார்கள். அந்த இளைஞரே பின்னாளில் சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் ஆனார். 1957-இல் சான்பிரான்சிஸ்கோவில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார். பிறகு ஹவாயைச் சேர்ந்த கவாய்த் தீவில் ஆதீனம் அமைத்து, இறைவன் கோயில் என்ற பெயரில் முழுக்கக் கருங்கல்லாலான சிவாலயம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையை வடித்த வை. கணபதி ஸ்தபதி அதற்கு வரைபடம் அளித்தார். 1990-ஆம் ஆண்டு முதல், ஓசூருக்கு அப்பால் பெங்களூரை அடுத்த சிற்பக்கூடத்தில் நம் தமிழ்ச் சிற்பிகள் கையுளி கொண்டே கல் செதுக்கினார்கள். செதுக்கிய கற்கள் கடல் கடந்து போயின. சுவாமிகள் 2001-இல் சித்தியடைந்தார். 2023 மார்ச் மாதத்தில் அக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நிறைவேறியது.

மாப்பிள்ளை சிறிது நேரம் பேசாமல் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அமெரிக்கர் என்று யாரும் ஐயப்படவில்லையா?" என்று கேட்டார். "பலர் ஐயப்பட்டிருக்கலாம். குரு ஐயப்படவில்லை" என்றாள் மகள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டேன்.

கோதுமை, கப்பல், முதியோர் இல்லம்

சூளகிரியைத் தாண்டியதும் காற்றில் குளிர்ச்சி கூடியது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் உள்ள ஊர் ஓசூர். 'ஹொச ஊரு', அதாவது புதிய ஊர் என்ற கன்னடச் சொல்லே ஓசூர் ஆயிற்று என்பார்கள். வெள்ளையர் இதனைக் குட்டி இங்கிலாந்து என்று கொண்டாடினார்கள். 1824-இல் அவர்கள் தொடங்கிய கால்நடைப் பண்ணை மத்திகிரியில் இன்றும் உள்ளது.

நான் ஆசிரியராக வந்தபோது கேழ்வரகும் நிலக்கடலையும் விளைந்த மேட்டு நிலங்களில் சிப்காட் தொழிற்பேட்டையின் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் வந்தன, சில ஆண்டுகள் கழித்து டைட்டன் கடிகாரம் வந்தது. இன்று ஓசூர் ஒரு மாநகராட்சி. பிற மாநிலங்களிலிருந்தும் வேலைக்காக வந்து குவிந்தவர்களால் ஒரிய மொழியும் இந்தியும்கூடச் சந்தையில் கேட்கின்றன.

மலையடிவாரத்துக்குச் செல்லும் முன் ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். பெஞ்சில் மூன்று பெரியவர்கள் அமர்ந்திருந்தார்கள். வெள்ளைக்காரரைக் கண்டதும் பேச்சு தானாகத் தொடங்கிற்று. மகள் மொழிபெயர்த்தாள்.

முதலாமவர் என் வயதினர். "1960-களில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அமெரிக்கக் கோதுமை உப்புமாவும் பால்மாவும் கொடுத்தார்கள், அதைச் சாப்பிட்டுத்தான் நான் படித்தேன்" என்றார். எனக்கும் அது நினைவிருக்கிறது. கேர் நிறுவனத்தின் பெயர் பொறித்த மூட்டைகள் பள்ளி வராந்தாவில் அடுக்கப்பட்டிருக்கும். அந்த உப்புமாவின் மணம் இன்றும் நாவில் நிற்கிறது.

இரண்டாமவர் விடவில்லை. "உப்புமா கொடுத்தீர்கள், சரி. 1971-இல் பங்களாதேஷ் போரின்போது நம்மைப் பயமுறுத்த வங்காள விரிகுடாவுக்குப் போர்க்கப்பல் அனுப்பினீர்களே, அது என்ன நியாயம்?"

மூன்றாமவருக்கு அரசியலில் நாட்டமில்லை. "உங்கள் ஊரில் பெற்றவர்களைக் கொண்டுபோய் இல்லத்தில் தள்ளிவிடுவீர்களாமே? பதினெட்டு வயதானால் பிள்ளைகளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவீர்களாமே? கடைக்குக் கடை துப்பாக்கி விற்குமாமே?"

எனக்குத் தர்மசங்கடமாக இருந்தது. மாப்பிள்ளையோ தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தம் பெற்றோர் சோளமும் சோயாவும் பயிரிடும் விவசாயிகள் என்றார். "நீங்கள் சாப்பிட்டதில் எங்கள் தாத்தா விளைவித்ததும் கலந்திருக்கலாம்" என்று சிரித்தார். கப்பல் வந்தபோது தாம் பிறக்கவே இல்லை, ஆனால் கேள்வி நியாயமானது என்றார். துப்பாக்கியைப் பற்றி, "அது உண்மைதான். எங்களில் பலருக்கும் அது வருத்தமே" என்றார்.

முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் சற்றே தாழ்ந்தது. "இல்லத்தில் விடுபவர்கள் உண்டு. ஆனால் என் பாட்டி ஏழாண்டுகள் படுக்கையில் இருந்தார். என் தாய்தான் குளிப்பாட்டினார், ஊட்டினார். பாட்டி எங்கள் வீட்டில், தம் கட்டிலிலேயே காலமானார்."

பெஞ்சில் மௌனம் நிலவியது. கேள்வி கேட்டவர் எழுந்து கடைக்காரரிடம், "இவர்கள் காசை வாங்காதே, என் கணக்கில் எழுது" என்றார். ஒன்பது ஆண்டுகளில் அந்தப் பாட்டியைப் பற்றி நான் கேட்டறிந்தது அதுவே முதல் முறை.

விடைபெறும்போது இரண்டாமவர் சொன்னார்: "தம்பி தவறாக நினைக்க வேண்டாம். எங்கள் கதையும் அதுதான். எனக்கு வீட்டில் தெலுங்கு, படித்தது தமிழ், வேலை பார்த்தது பெங்களூரில். அங்கே என்னைத் தமிழன் என்பார்கள். சேலம் போனால், 'ஓசூரா? நீங்கள் கன்னடக்காரரா?' என்பார்கள். காவிரிக் கலவரம் வந்த நாட்களில் என் வண்டி எண்ணைப் பார்த்துத்தான் நான் யார் என்று முடிவு செய்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை."

1991-லும் 2016-லும் அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் இடையே நடந்தவற்றை எல்லையோர மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எல்லையிலேயே நின்றுவிட, கைக்குழந்தைகளோடும் மூட்டைகளோடும் மக்கள் நடந்தே எல்லையைக் கடந்தார்கள்.

வண்டியில் ஏறியதும் மாப்பிள்ளையிடம் கேட்டேன்: "இப்படியெல்லாம் கேட்கிறார்களே, உங்களுக்குக் கோபம் வரவில்லையா?"

அவர் தமக்குத் தெரிந்த தமிழிலேயே சொன்னார்: "கேட்டால் பதில் சொல்லலாம் மாமா. கேட்காமல் இருந்தால் என்ன செய்வது?"

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் குத்தியது. கடைப் பெஞ்சில் இருந்த அந்தப் பெரியவர்கள் முகத்துக்கு நேரே கேட்டுத் தங்கள் 'ஆமே'யைத் தீர்த்துக்கொண்டார்கள். நானோ ஒரு கேள்வியும் கேட்காமல் ஒன்பது ஆண்டுகள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

துரை, செருப்பு, நிலா

ஓசூரில் சிறு குன்றுகள் மூன்று. அவை மும்மூர்த்திகளுக்கும் உரியவை என்பது ஊரார் நம்பிக்கை. சிவபெருமான் எழுந்தருளியிருக்கும் குன்றே சந்திரசூடேஸ்வரர் மலை. மேலே செல்லப் படிகளும் உண்டு. முதியோருக்கு உதவியாக வாகனச் சாலையும் உண்டு. முழங்கால் வலியுள்ள என் மனைவி வண்டியிலேயே மேலே சென்றுவிட்டாள். நாங்கள் மூவரும் படியேறினோம்.

படியோரம் பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "தொரை எந்த ஊரு சாமி?" என்று கேட்டார். வெள்ளைத்தோல் என்றால் இன்னும் இப்பக்கத்தில் துரைதான். இங்கிலாந்தல்ல, அமெரிக்கா என்று விளக்கினோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் கண்கள் விரிந்தன.

"நெலாவுல கால் வெச்சது உங்க ஊர்க்காரங்கதானே? சாமி தலையில இருக்கிற நெலா மேல கால் வெக்கலாமா?"

அன்பர்களே, 1969 ஜூலையில் அமெரிக்கர் சந்திரனில் இறங்கிய செய்தி வந்தபோது நம் வீடுகளில் பாட்டிமார்கள் இதே கேள்வியைக் கேட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். சிலர் நம்பவே மறுத்தார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கேள்வியை மனத்தில் வைத்திருந்த மூதாட்டிக்கு, பதில் சொல்ல ஓர் அமெரிக்கர் இன்றுதான் கிடைத்திருக்கிறார்!

மாப்பிள்ளை சற்று யோசித்தார். "முதலில் கால் வைத்தவர் எங்கள் ஓஹியோக்காரர்தான் பாட்டி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அங்கே காற்று கிடையாது. கழற்றினால் உயிர் போய்விடும்."

மகள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பாட்டிக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. "அப்படியா சங்கதி! உசுருக்குப் பயந்து செஞ்சா சாமி மன்னிப்பாரு" என்று சொல்லி, இரண்டு முழம் பூவை என் மகள் கையில் வைத்தார். காசு கொடுத்தபோது பாதியைத் திருப்பித் தந்தார்.

எஞ்சிய படிகளை ஏறும்போது, சந்திரன் ஈசனின் முடியேறிய கதையை மாப்பிள்ளைக்குச் சொன்னேன். தக்கனின் புதல்வியரான இருபத்தேழு நட்சத்திரங்களை மணந்த சந்திரன், ரோகிணி ஒருத்தியிடமே அன்பு காட்டியதால் மாமனாரின் சாபத்துக்கு ஆளானான். நாளுக்கு நாள் தேய்ந்து, ஒற்றைப் பிறையாகி, ஒளியிழக்கும் நிலையில் ஈசனைச் சரணடைந்தான். பெருமான் அவன் குற்றத்தை விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. எஞ்சிய பிறையை எடுத்துத் தம் சடையில் சூடிக்கொண்டார். முழு நிலவை ரசிக்க உலகமே இருக்கிறது. குறைபட்ட பிறைக்கு இடம் தந்தவர் அவர் ஒருவரே.

மாமனாரின் சாபம் என்ற இடத்தில் என் நாக்கு தடுமாறியது. மகள் அதைக் கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

யார் பெயருக்கு அர்ச்சனை?

மேலே காற்று வெகு சுகமாக வீசியது. கிழக்கிலும் மேற்கிலும் பார்வை செல்லும் தொலைவுக்குத் தொழிற்சாலைக் கூரைகளும், ரோஜா வளர்க்கும் பசுமைக் கூடாரங்களும், புதிய அடுக்குமாடிகளும் தெரிந்தன.

இத்தலத்து அன்னை மரகதாம்பாள். ஈசன் ஒருசமயம் ஒளிவீசும் உடும்பின் வடிவெடுத்து இக்காட்டில் உலவினாராம். தேவி பின்தொடர்ந்து சென்று அதன் வாலைப் பற்றினாள். பற்றியதும் அவள் மேனி முழுவதும் மரகத நிறமாயிற்று என்கிறது தலபுராணம். காட்டில் போகும் உடும்பைக் கண்டு அருவருத்து ஒதுங்குவோர் உண்டு. அடித்து விரட்டுவோரும் உண்டு. உள்ளே இருப்பது யார் என்று அறிந்து பற்றிக்கொண்டவள் அன்னை மட்டுமே.

கொடிமரத்தை நெருங்கியதும் மாப்பிள்ளை தாமாகவே நின்றுவிட்டார். எவரும் அவரைத் தடுக்கவில்லை. முந்தைய வாரத்தை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான். கைகளைக் கட்டிக்கொண்டு, "நான் இங்கேயே இருக்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்" என்றார்.

நான் அவர் அருகே சென்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் கையைப் பற்றி, "வாருங்கள் மாப்பிள்ளை" என்றேன். ஒன்பது ஆண்டுகளில் அவரை நான் அப்படி அழைத்ததில்லை. இனி யார் கேட்டாலும், அக்கினி சாட்சியாக என் மகளை மணந்தவர் என்று சொல்வதற்கு என் வாய் தயாராக இருந்தது.

சந்நிதியில் அர்ச்சகர், "யார் பெயருக்கு அர்ச்சனை?" என்று கேட்டார்.

"என் மாப்பிள்ளை பெயருக்கு" என்றேன். பெயரைச் சொன்னேன். அவர் சற்றும் தயங்காமல், "கோத்திரம்?" என்றார். நான் விழித்தேன். "தெரியாவிட்டால் சிவகோத்திரம் என்று சொல்லுங்கள்" என்று அவரே உதவினார். "நட்சத்திரம்?"

நான் மீண்டும் விழிக்க, பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "அனுஷம்."

திரும்பிப் பார்த்தேன். பிறந்த தேதியையும் நேரத்தையும் மகளிடம் கேட்டு வாங்கி, எனக்குத் தெரியாமல் திருமணத்தின்போதே அவள் ஜாதகம் கணித்து வைத்திருக்கிறாள். ஒன்பது ஆண்டுகளாக மாதந்தோறும் அனுஷத்தன்று சேலத்தில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தும் வந்திருக்கிறாள். மரகதாம்பாள் சந்நிதியில் கற்பூரம் ஒளிர்ந்தபோது எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கண்கள் நிறைந்திருந்தன.

தொரப்பள்ளியில் பிறந்தவர் கேட்ட கேள்வி

மாலையில் தொரப்பள்ளிக்குச் சென்றோம். ஓசூரிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள இச்சிற்றூரில்தான் 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்தார். கவர்னர் ஜெனரல் பதவி வகித்த ஒரே இந்தியர். 'வியாசர் விருந்'தையும் 'சக்கரவர்த்தித் திருமக'னையும் நம் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவர். அவர் பிறந்த எளிய ஓட்டு வீடு இன்று நினைவில்லமாகப் போற்றப்படுகிறது.

அந்த வீட்டின் முன் நின்று மாப்பிள்ளைக்கு ஒரு செய்தி சொன்னேன். 1962-இல், 83 வயதில், ராஜாஜி முதன்முறையாக மேலைநாட்டுப் பயணம் மேற்கொண்டார். காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் சென்ற தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி, செப்டம்பர் 28 அன்று வாஷிங்டனில் அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று அவரிடம் நேரில் கேட்பதே பயணத்தின் நோக்கம். ஒதுக்கப்பட்ட நேரத்தைக் கடந்தும் அந்த உரையாடல் நீண்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் நாடும் சோதனைத் தடை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அதற்குக் காரணங்கள் பல உண்டு. நான் வியப்பது வேறொன்றை. அமெரிக்காவின் மீது மனத்தாங்கல் இருந்த எத்தனையோ பேர் வீட்டுத் திண்ணையிலிருந்தே ஏசிக்கொண்டிருந்தபோது, அந்த முதியவர் கடல் கடந்து சென்று எதிரில் அமர்ந்து கேட்டார்.

அதற்கும் முன்னே, சென்னை அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடுவீடாக நிதி திரட்டி அனுப்பிய விவேகானந்தர், 1893-இல் சிகாகோ சென்றார். அமெரிக்காவில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளை நாம் மறக்கலாகாது. இந்தியத் தாய்மார்கள் குழந்தைகளைக் கங்கையில் முதலைகளுக்கு எறிவார்களாமே என்றுகூடக் கேட்டார்கள். அன்று அவர்கள் சொன்ன 'ஆமே'க்கு நம் துறவி சளைக்காமல் பதிலளித்தார். இன்று நாம் சொல்லும் 'ஆமே'க்கு ஓஹியோ விவசாயியின் மகன் தேநீர்க் கடையில் அமர்ந்து பதிலளிக்கிறார்.

இவற்றைக் கேட்ட மாப்பிள்ளை, "எங்கள் ஊரில் இவளிடமும் கேட்பார்கள்" என்று மகளைக் காட்டினார். "வீட்டில் பாம்பு வளர்த்தீர்களா, அப்பா அடித்துக் கல்யாணம் செய்து வைப்பாரா என்றெல்லாம்."

"நீ என்ன பதில் சொல்வாய்?" என்று மகளிடம் கேட்டேன்.

"என் அப்பா தமிழாசிரியர், நல்லவர், கொஞ்சம் பிடிவாதக்காரர் என்பேன்" என்றாள்.

நம்மில் பலர் வீட்டில் இன்று அமெரிக்கா இருக்கிறது. மகனாக, மருமகளாக, தமிழ் திக்கிப் பேசும் பேரக்குழந்தையாக வந்து கூடத்தில் அமர்ந்திருக்கிறது. ஒரு நாட்டின் புகழையும் பழியையும் ஒரு மனிதரின் தலையில் ஏற்றிவைத்து எட்டி நின்று பார்ப்பது எளிது. அருகில் சென்று, "உங்கள் பாட்டி எப்படி இருந்தார்?" என்று கேட்பதற்குத்தான் எனக்கு ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. உங்களுக்கு அத்தனை காலம் ஆகவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன். வரும் கோடையில் ஓஹியோ சென்று சம்பந்திகளைக் காண எண்ணியிருக்கிறோம். விசாவுக்கு இம்முறை உண்மையாகவே விண்ணப்பித்துவிட்டேன்.

எப்படிச் செல்வது?

பெங்களூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலும், கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவிலும் உள்ளது ஓசூர். சேலத்திலிருந்து தருமபுரி வழியாக ரயிலிலும் வரலாம். சந்திரசூடேஸ்வரர் மலை நகருக்குள்ளேயே அமைந்துள்ளது. ஆட்டோக்கள் மேலே வரை செல்கின்றன. மாசி, பங்குனியை ஒட்டி நடைபெறும் தேர்த்திருவிழாவின்போது தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் என மூன்று மாநில அன்பர்களும் ஒரே வடம் பிடித்துத் தேரிழுப்பது காணக் கிடைக்காத காட்சி. படியேறிச் செல்ல முடிந்தவர்கள் படியேறியே செல்லுங்கள். பூ விற்கும் மூதாட்டி தென்பட்டால் இரண்டு முழம் வாங்கிக்கொள்ளுங்கள்.